பொலிவியாவில் ஸ்பானிஷ் படிக்கப் போகும் சிஸ்டருக்கு அங்கே நாள் எப்படிப் போகும்?

கேள்வி: என் தங்கை கன்னியர் மடத்தில் சேர்ந்து எட்டு வருடம் ஆகிறது. இப்போது சபையில் அவளைப் பொலிவியாவுக்கு அனுப்புகிறார்கள். முதல் ஆறு மாதம் கோச்சபாம்பா என்ற ஊரில் ஸ்பானிஷ் படிக்க வேண்டுமாம். தமிழ் வழியில் படித்தவள், ஆங்கிலமே தடுமாறும். அங்கே நாள் எப்படிப் போகும்? சமாளிப்பாளா?

பதில்:

"ஆங்கிலமே தடுமாறும்" என்ற அந்த இரண்டு சொல்லுக்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். ஸ்பானிஷுக்கு ஆங்கிலம் வாசற்படி என்று யாரோ நம் வீடுகளில் சொல்லி வைத்திருக்கிறார்கள். தமிழ்க்காது உள்ளவருக்கு ஆங்கிலம் பல இடங்களில் சுற்றுவழி. எங்கே சுற்றுவழி, எங்கே நம் தமிழே காலை வாரிவிடும் என்று பிறகு சொல்கிறேன்.

சண்டைக்கு வரக் காத்திருப்பவர்களுக்கு முதலிலேயே ஒன்று. மிஷனரிகள் போவது சரியா தவறா என்ற விவாதம் இந்தக் கேள்வியில் இல்லை. பொலிவியா ஏற்கெனவே கத்தோலிக்கர் பெரும்பான்மையாக உள்ள நாடு. போகிறவர்களில் பெரும்பாலோர் பங்கிலும் பள்ளியிலும் மருத்துவமனையிலும் வேலை செய்யவே போகிறார்கள். மொழி படிப்பவரின் அன்றாடத்தை மட்டும் சொல்கிறேன்.

கோச்சபாம்பா ஏன் என்பதற்கு ஒரு பின்னணி உண்டு. 1961-ல் வத்திக்கான் வட அமெரிக்கத் துறவற சபைகளிடம், பத்து ஆண்டுகளுக்குள் உங்கள் ஆட்களில் பத்தில் ஒரு பங்கை லத்தீன் அமெரிக்காவுக்கு அனுப்புங்கள் என்று கேட்டது. வருகிறவர்களுக்கு மொழி கற்பிக்க இடம் வேண்டியிருந்தது. மெக்சிகோவின் குவெர்னவாக்கா நகரில் இவான் இலிச் என்ற பாதிரியார் அதே ஆண்டு ஒரு பயிற்சி மையம் தொடங்கினார். ஸ்பானிஷைக் கடுமையாகப் பழக்கியதோடு, "நீங்கள் இங்கே வரத்தான் வேண்டுமா?" என்று வந்தவர்களையே கேட்டுத் திருப்பி அனுப்பவும் தயங்காதவர் அவர். அவருடைய மையம் 1976-ல் மூடப்பட்டது. கோச்சபாம்பாவில் மேரிநோல் என்ற அமெரிக்க மிஷனரி சபையார் 1965-ல் மொழிக்கழகம் தொடங்கினார்கள். ஸ்பானிஷோடு கெச்சுவா, ஐமரா என்ற அந்த மண்ணின் பழங்குடி மொழிகளையும் கற்பித்தார்கள். அப்படித்தான் மிஷனரிகள் மொழி படிக்கும் ஊர் என்று அதற்குப் பெயர் வந்தது.

இனி நாள். ஊர் சுமார் 2,560 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஊட்டியைவிடக் கொஞ்சம் மேலே. லா பாஸ் நகரம் வழியாகப் போனால் விமானம் இறங்குவது எல் ஆல்ட்டோவில், அது 4,000 மீட்டருக்கும் மேல். அங்கே தலைவலி, மூச்சுவாங்கல், தூக்கமின்மை வரும். ஊர்க்காரர்கள் "சொரோச்சே" என்பார்கள். கோச்சபாம்பாவுக்கு இறங்கியதும் பெரும்பாலும் சரியாகிவிடும். முதல் வாரம் மனப்பாடம் ஏறவில்லை என்றால் உயரமும் பயணக் களைப்பும்தான் காரணம், மூளையைப் பழிக்க வேண்டாம். தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும், இரவில் வயிறு முட்டச் சாப்பிடக் கூடாது. கோகா இலைத் தேநீர் தருவார்கள், அங்கே அது சட்டப்படியானது. ஆனால் ஊர் திரும்பும்போது ஒரு பொட்டலம்கூடப் பெட்டியில் இருக்கக் கூடாது; இந்தியாவில் கோகா இலை போதைப்பொருள் சட்டத்தில் வருகிறது.

பொதுவாக வகுப்பு காலை எட்டு மணிக்கு ஆரம்பித்து நண்பகலில் முடியும். நான்கு பாடவேளை, ஒவ்வொன்றும் 45 அல்லது 50 நிமிடம். ஒரு வகுப்பில் மூன்று நான்கு பேர், சில சமயம் ஒருவர் மட்டும். ஆசிரியை முதல் நாளிலிருந்தே ஸ்பானிஷில்தான் பேசுவார். ஒரு வேளை இலக்கணம், ஒரு வேளை வாய்ப்பயிற்சி, மற்றவை பேச்சு. வாய்ப்பயிற்சி என்றால் ஆசிரியை "நான் ரொட்டி வாங்குகிறேன்" என்பார், படிப்பவர் அதை நீ, அவர், நாங்கள், நேற்று, நாளை என்று மாற்றி மாற்றிச் சொல்ல வேண்டும். நாலு மணி நேரம் இப்படிப் போனால் தாடையே வலிக்கும். மதியத்துக்கு மேல் இரண்டு மூன்று மணி நேர வீட்டுப்பாடம். பல பள்ளிகள் முதல் மாதங்களில் மாணவரை உள்ளூர்க் குடும்பத்தோடு தங்கவைக்கும். சபை வேண்டாம் என்றால் மடத்திலேயே இருக்கலாம். வாய்ப்பு இருந்தால் குடும்பத்தில் தங்குவதே நல்லது. சொந்த மடத்தில் இன்னும் இரண்டு இந்திய சிஸ்டர்கள் இருந்தால் சாப்பாட்டு மேசையில் ஸ்பானிஷ் செத்துவிடும்.

வீட்டில் முதல் நாளே கவனிக்க வேண்டியது குளியலறை. தண்ணீர் சுடுவது ஷவர் தலைக்குள்ளேயே இருக்கும் மின்கம்பியால். குழாயைக் குறைத்துத் திறந்தால் சூடு ஏறும், அதிகம் திறந்தால் ஆறிவிடும். தண்ணீர் ஓடும்போது ஈரக் கையால் ஷவர் தலையைத் தொடக் கூடாது, சரியாக எர்த் இல்லாத வீடுகளில் ஷாக் அடிக்கும். கழிவறைக் காகிதம் பக்கத்துக் கூடையில்தான், உள்ளே போட்டால் அடைத்துக்கொள்ளும். குழாய்த் தண்ணீரைக் காய்ச்சாமல் குடிக்க வேண்டாம். அந்த உயரத்தில் தண்ணீர் 91, 92 டிகிரியிலேயே கொதித்துவிடும், அதனால் பருப்புக்குக் குக்கர் இல்லாமல் ஆகாது. ஜூன், ஜூலை இரவுகள் நல்ல குளிர், வீடுகளில் கணப்பு இருக்காது. இரண்டு ஸ்வெட்டரும் கம்பளிக் காலுறையும் கட்டாயம்.

பெரிய சாப்பாடு மதியம்தான். முதலில் சூப், பிறகு "செகுந்தோ" என்ற இரண்டாவது தட்டு. ஒரே தட்டில் சோறும் உருளைக்கிழங்கும் இருக்கும், மேலே இறைச்சி. பாதிக் கடைகள் பன்னிரண்டு மணிக்கு மூடி இரண்டரை வாக்கில் திறக்கும். இரவு ரொட்டியும் தேநீரும். நம் ஊர் நாக்குக்கு ஆறுதல் "ல்யாஹ்வா": தக்காளியும் லொக்கோத்தோ மிளகாயும் கில்கிஞா என்ற வாசனைத் தழையும் சேர்த்துக் கல்லில் அரைத்த துவையல். அந்தக் கல்லுக்கு "பத்தான்" என்று பெயர். நம் அம்மிக்கு அக்கா முறை, குழவியை இழுக்காமல் இருபுறமும் சாய்த்துச் சாய்த்து அரைப்பார்கள்.

மொழிக்கு வருகிறேன். தமிழர் கைக்கு முதலிலேயே கிடைக்கும் வரவு நிறைய. வினையிலேயே ஆள் தெரியும், "பேசுகிறேன்" என்றால் "நான்" வேண்டாம். ஸ்பானிஷும் அப்படியே: "ஆப்லோ". நீ, நீங்கள் வேறுபாடு "து", "உஸ்தெத்". வீட்டுக்கார அம்மாவுக்கு அவரே மாற்றச் சொல்லும்வரை உஸ்தெத்தான். "எனக்குப் பிடிக்கும்", "எனக்குத் தலை வலிக்கிறது", "எனக்குத் தோன்றுகிறது", "எனக்கு மறந்துபோச்சு" எல்லாம் ஸ்பானிஷிலும் "எனக்கு" போட்டுத்தான் வரும்: "மெ குஸ்தா", "மெ துவெலெ லா கபேசா". ஆங்கிலம் வழியாகப் போகிறவர்கள் இங்கே வாரக்கணக்கில் தலையைப் பிய்த்துக்கொள்வார்கள். உங்கள் தங்கைக்கு ஒரு காலைப்பொழுது போதும். இறந்தகாலம் இரண்டு உண்டு. "நேற்று போனேன்" ஒன்று. "சின்ன வயதில் தினமும் போவேன்" என்கிறோமே, அந்தப் போவேன் மற்றொன்று. தமிழில் யோசித்தால் இரண்டும் தானாகப் பிரியும்.

ஒலியிலும் வரவுதான். ஸ்பானிஷ் தகரம் பல்லில் பட்டு வரும் நம் "த". ஆங்கிலப் பழக்கத்தில் "டெங்கோ" என்று சொல்லிவிடுவார்கள், "தெங்கோ" என்பதே சரி. உயிருக்கு நடுவே வரும் த, க நம் "அது", "பகல்" போலவே மென்மையாகும். ஞகரம் நம்மிடம் இருக்கிறது. "ஆஞோ" என்றால் வருடம். அதை "ஆனோ" என்று சொன்னால் ஆசனவாய். வயதைச் சொல்லும்போதெல்லாம் இந்தச் சொல் வரும், அதனால் முதல் வாரமே பழக வேண்டும். ஹகரம் எழுத்தில் இருக்கும், வாயில் வராது, சிஸ்டருக்கு "எர்மானா".

இப்போது செலவு. தமிழில் மெல்லினத்துக்குப் பின் வரும் வல்லினம் தானாக மென்மையாகிவிடும்: பந்து, தங்கம், கம்பு. ஸ்பானிஷில் அப்படி இல்லை. "எவ்வளவு" என்ற சொல்லும் "எப்போது" என்ற சொல்லும் அந்த ஓர் ஒலியில்தான் வேறுபடுகின்றன. இரண்டையும் தமிழ் எழுத்தில் எழுதினால் "குவாந்தோ" என்று ஒன்றாகவே வரும். சந்தையில் விலை கேட்கப் போய் "எப்போது?" என்று கேட்டு நிற்பது தமிழர்களுக்கே உரிய பிழை. அதேபோல் சொல் முதலில் வரும் பகரம். எடை என்பதும் முத்தம் என்பதும் தமிழ் எழுத்தில் "பேசோ" தான், வாயில் வேறு வேறு. ஆகவே ஒரு கண்டிப்பான விதி: ஸ்பானிஷைத் தமிழ் எழுத்தில் நோட்டில் எழுதி மனப்பாடம் செய்யக் கூடாது. நான் இங்கே எழுதுவது உங்களுக்காக. அவர் காதால் கேட்டு, ஸ்பானிஷ் எழுத்திலேயே எழுதட்டும்.

கன்னியருக்குத் தனியாகச் சொல்லிவைக்க வேண்டிய இரட்டைச் சொற்கள் சில. "கன்சாதா" களைப்பு, "கசாதா" திருமணமானவள். "ஆம்ப்ரே" பசி, "ஓம்ப்ரே" ஆண். "பெகாதோ" பாவம், "பெஸ்காதோ" மீன். "எம்பரசாதா" என்பது ஆங்கிலத்தில் வெட்கப்படுவதைச் சொல்லும் சொல் போலவே இருக்கும், பொருள் கர்ப்பிணி. இதுவும் ஆங்கிலத்தை நம்பிப் போகிறவர் விழும் குழி.

நீண்ட காலம் விடாத பிழை ஆண்பால் பெண்பால். நமக்கு மேசையும் நாற்காலியும் அஃறிணை, வேலை முடிந்தது. அங்கே ஒவ்வொன்றுக்கும் பால் உண்டு. சொல்லைத் தனியாகப் படிக்காமல் "லா மேசா", "எல் லிப்ரோ" என்று முன்னொட்டோடு சேர்த்தே வாயில் போட வேண்டும். ஆகாரத்தில் முடிந்தால் பெண்பால் என்று நம்பினால் "எல் ப்ரொப்லேமா", "எல் மாபா" ஏமாற்றும். ஓகாரத்தில் முடியும் "லா மானோ" எதிர்ப்பக்கம் ஏமாற்றும்.

சிஸ்டர்களுக்கு மற்றவருக்கு இல்லாத ஒரு பயிற்சிக் கருவி கையிலேயே இருக்கிறது, செபமாலை. ஒரு மாலையில் 53 அருள் நிறைந்த மரியே. பொருள் ஏற்கெனவே தெரியும், ஒலி மட்டும் பழக வேண்டும். முதல் மாதம் பின்பாதியை மக்களோடு சேர்ந்து சொல்லட்டும், இரண்டாம் மாதம் முன்பாதியை நடத்தட்டும். திருப்பலி வாசகத்தை ஒப்புக்கொள்ளுமுன் ஆசிரியையிடம் மூன்று முறையாவது வாசித்துக் காட்ட வேண்டும். ஸ்பெயினில் பதிவான செபங்களை இணையத்தில் கேட்டுப் பழகினால் "நீங்கள் எல்லோரும்" என்பதற்கு அங்குள்ள "வொசோத்ரோஸ்" ஒட்டிக்கொள்ளும். பொலிவியாவில் "உஸ்தேதெஸ்".

மாலையில் சந்தைக்குப் போவது பாடத்தின் பாதி. லா கஞ்சா பெரிய சந்தை, புதனும் சனியும் கூட்டம் அதிகம், பையை முன்பக்கம் மாட்டிக்கொள்ள வேண்டும். வழக்கமாக வாங்கும் கடைக்கார அம்மா "கசேரா"; அவரும் உங்கள் தங்கையை அதே சொல்லால்தான் அழைப்பார். கொசுறுக்கு அங்கே "யாபா" என்று பெயர். கூச்சப்படாமல் கேட்க வேண்டும், கேட்காதவரைத்தான் விநோதமாகப் பார்ப்பார்கள். உள்ளே நுழைந்தால் இருக்கும் எல்லோருக்கும் வணக்கம் சொல்ல வேண்டும், சாப்பிடுபவரைக் கடந்தால் "ப்ரொவேச்சோ". பெண்கள் கன்னத்தோடு கன்னம் வைப்பது சாதாரண வணக்கம்தான்.

மூன்றாம் மாதம் ஒரு தேக்கம் வரும். கேட்பது புரியும், வாய் திறந்தால் பழைய நாலு வாக்கியமே வரும். அழுகை வருவது அப்போதுதான். அந்த மாதத்தில் பாடவேளையைக் கூட்டுவதால் பெரிய பலன் இல்லை. வாரம் இரண்டு மாலை முதியோர் இல்லத்திலோ பங்கின் சமையலறையிலோ உட்கார வைப்பது பலன் தரும். முதியவர்கள் சொன்னதையே திரும்பச் சொல்வார்கள், அவசரப்படுத்த மாட்டார்கள். ஆறு மாதத்தை நாலாகக் குறைத்து வேலைக்கு அழைக்கும் மேலாளர்கள் உண்டு. முடிந்தால் அதற்கு இசைய வேண்டாம்.

பிறகு கிராமப் பங்குக்குப் போனால் கெச்சுவா காத்திருக்கும். வினை கடைசியில், ஒட்டுக்கு மேல் ஒட்டு: "வசி" வீடு, "வசிய்" என் வீடு, "வசிய்பி" என் வீட்டில். நாம், நாங்கள் வேறுபாடுகூட உண்டு, அது ஸ்பானிஷிலும் ஆங்கிலத்திலும் இல்லாதது. தமிழ் வழியில் படித்ததைக் குறையாக நினைக்கும் தங்கையிடம் இதைக் கட்டாயம் சொல்லுங்கள்.

கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டுக்குப் போன சிஸ்டரிடம் "டாலரில் சம்பளமா?" என்று கேட்பதும், உறவில் ஒரு கல்யாணம் என்றால் முதலில் அவருக்கு வாட்ஸ்அப்பில் பட்டியல் அனுப்புவதும் நம் ஊரில் நிற்கவே இல்லை. ஏழ்மை வார்த்தைப்பாடு கொடுத்தவரிடம் சொந்தப் பணம் கிடையாது. பேருந்துக் காசுக்கே சபையில் கணக்கு எழுதிக் கொடுக்கிறவரை இப்படிக் கேட்டால், அன்றைய இரவு அவர் பாடப் புத்தகத்தைத் திறக்க மாட்டார்.

புறப்படுமுன் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி. சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். பயணத்துக்குக் குறைந்தது 10 நாள் முன்பே போட வேண்டும். அந்தச் சான்று அட்டை இல்லாமல் பொலிவியாவிலிருந்து இந்தியா திரும்பினால் ஆறு நாள் வரை தனிமையில் வைப்பார்கள், எனவே பாஸ்போர்ட்டோடு சேர்த்தே வைத்திருக்கட்டும்.

அவர்கள் நம்மைவிட ஒன்பதரை மணி நேரம் பின்னால். நீங்கள் வார நாளில் மாலை ஆறு மணிக்குக் கூப்பிட்டால் அங்கே காலை எட்டரை, வகுப்பு நடக்கும். ஞாயிறு இரவு எட்டரைக்குக் கூப்பிடுங்கள். அங்கே காலை பதினொன்று, பூசை முடிந்து வந்திருப்பார்.