தூக்கத்தில் கேட்கும் குரலும் கண்ணில் பறக்கும் பூச்சியும்

இல்லாத குரல் கேட்கிறது, இல்லாத முகம் தெரிகிறது, எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டதா என்று கடிதத்தில் கேட்டிருக்கிறீர்கள். உங்களுக்குப் பைத்தியம் பிடிக்கவில்லை, முதலில் இதை நம்புங்கள். கண் அசரும் நேரத்தில் யாரோ பெயர் சொல்லிக் கூப்பிடுவது, வராத செல்போன் அழைப்புக்குச் சட்டைப்பை அதிர்வது, சுவர்க் கறையில் முகம் தெரிவது எல்லாம் நல்ல மூளையிலும் நடப்பவைதான். இதற்குப் போய் இணையத்தில் தேடி மூளைக்கட்டி வரை பயந்து, வேறொருவருக்கு எழுதிக்கொடுத்த தூக்க மாத்திரையை நான்கு நாள் போட்டிருக்கிறீர்களே, அதுதான் எனக்குக் கோபம். இனித் தொடாதீர்கள். நன்றாக விழித்திருக்கும்போதே குரல் கேட்டு, அது உங்களோடு பேச்சுக் கொடுத்தால் மட்டும் மனநல மருத்துவரைப் பாருங்கள்.

கண்ணும் காதும் அனுப்புவது அரைகுறைத் தகவல், மீதியை மூளை ஊகித்து நிரப்பிக்கொள்கிறது. பார்வை நரம்பு கண்ணை விட்டு வெளியேறும் இடத்தில் ஒளியை உணரும் செல்லே கிடையாது. 1660களில் மாரியோட் என்ற பிரெஞ்சு அறிவியலாளர் கண்டு சொன்ன குருட்டுப்புள்ளி இதுதான். இத்தனை வருடமாக உங்கள் இரண்டு கண்ணிலும் இருக்கிறது, ஒருநாளாவது தெரிந்ததா?

கடிதத்தின் கடைசியில் போகிறபோக்கில் எழுதியிருக்கும் ஒரு வரிதான் என்னை நிறுத்தியது. மைனஸ் 6 பவர் கண்ணாடி, இரண்டு வாரமாக வலது கண்ணில் பூச்சி பறப்பது போல் இருக்கிறது, சொட்டு மருந்து விடுகிறேன் என்கிறீர்கள். கண்ணுக்குள் இருக்கும் கூழ் வயதாக ஆகச் சுருங்கும், அதில் மிதக்கும் இழைகளின் நிழல், கண்ணின் பின்பக்கம் ஒளியை உணரும் படலமான விழித்திரையில் விழும், பெரும்பாலும் அவ்வளவுதான், சொட்டு மருந்தால் அது போகவும் போகாது. ஆனால் சுருங்கும் கூழ் சில சமயம் விழித்திரையை இழுத்துக் கிழித்துவிடும், உங்களைப் போல் அதிகக் கிட்டப்பார்வை உள்ளவர்களுக்கு இந்த ஆபத்து கூடுதல். திடீரென்று புள்ளிகள் கொத்தாகப் பெருகுவது, ஓரத்தில் மின்னல் வெட்டுவது, பார்வையின் ஒரு பக்கத்தில் திரை இறங்குவது, இதில் ஒன்று வந்தாலும் அன்றைக்கே கண் மருத்துவரிடம் போயாக வேண்டும். வலிக்கவே வலிக்காது, அதனால்தான் பலர் தள்ளிப்போடுகிறார்கள். கிழிசலாக இருக்கும்போதே லேசரால் அடைத்துவிடலாம், விழித்திரை விலகிவிட்டால் அறுவை சிகிச்சைதான்.

இந்த அறிகுறிகள் இருக்கின்றனவா என்று வீட்டில் பார்க்கும்போது ஒவ்வொரு கண்ணாக மூடிப் பாருங்கள். இரண்டு கண்ணையும் திறந்திருந்தால் ஒன்றில் மறைவதை மற்றது ஈடுகட்ட, மூளையும் முழுப் படமாகக் காட்டிவிடும். அதில் குறை எதுவும் தெரியாவிட்டாலும் சரி, இந்த இரண்டு வாரப் பூச்சிக்காகப் கண் பாப்பாவை, அதாவது கருவிழியின் நடுவில் இருக்கும் கறுப்புத் துளையை, விரிய வைத்துச் செய்யும் விழித்திரைப் பரிசோதனையை நாளைக்கே செய்துகொள்ளுங்கள். அன்று பார்வை கொஞ்ச நேரம் மங்கலாக இருக்கும், வண்டி ஓட்டிக்கொண்டு போகாதீர்கள்.