மகமையைக் கணக்கில் எழுதுங்கள், ஆச்சி

கேள்வி: தேவகோட்டையில் எங்கள் வீட்டுப் பின்கட்டில் ஆறு வருடமாகப் பலகாரம் போட்டு விற்கிறேன். கைமுறுக்கு, தேன்குழல், சீப்புச் சீடை, மாவுருண்டை எல்லாம் உண்டு. எட்டுப் பெண்கள் வேலை செய்கிறார்கள். கணவரை இழந்தவர்கள், தனியாகப் பிள்ளை வளர்ப்பவர்கள். அவர்களுக்கு ஒரு வருமானம் வேண்டும் என்றுதான் தொழிலையே தொடங்கினேன். மாத விற்பனை சுமார் 4,20,000 ரூபாய். கேட்டவருக்கு இல்லை என்று சொல்ல எனக்கு வராது. போன மாதம் மட்டும் 18,000 கொடுத்திருக்கிறேன்: வேலையாட்களுக்குக் கைமாற்று 11,000, ஒருவருடைய மகளுக்குப் பள்ளிக் கட்டணம் 3,000, கும்பாபிஷேக நன்கொடை 4,000. எண்ணெய்க் கடையில் 60,000 பாக்கி நிற்கிறது. இரண்டு சனிக்கிழமை சம்பளம் தள்ளிப் போய்விட்டது. "நீ என்ன வள்ளல் அழகப்பரா?" என்று கேட்கிறார் என் கணவர். தீபாவளிக்குள் இன்னும் இரண்டு பேரைச் சேர்க்கவும் ஆசை. கொடுப்பதை நிறுத்திவிட வேண்டுமா?

பதில்: நிறுத்த வேண்டாம், ஆச்சி. ஆனால் அந்த இரண்டு சனிக்கிழமைகள் என் மனதை உறுத்துகின்றன. வாரச் சம்பளத்தை நம்பித்தான் அந்தப் பெண்களின் வீட்டு அரிசியும் மகளிர் குழுத் தவணையும் இருக்கும். நாள் முழுக்க எண்ணெய்ச் சட்டி முன்னால் நின்றவர் அன்று சாயந்திரம் வெறுங்கையோடு வீட்டுக்குப் போனார் என்றால், நீங்கள் கோயிலுக்குக் கொடுத்தது அவருடைய காசு. சம்பளம் முதலில், அதுவும் சொன்ன நாளில். தானம் என்ற பேச்சு அதற்கப்புறம்தான்.

எவ்வளவு கொடுக்கலாம் என்பதற்கு உங்கள் ஊரிலேயே வழி இருக்கிறது. நகரத்தார் வியாபாரத்தில் மகமை என்று ஒரு பங்கை ஒதுக்கி, அதற்குத் தனிக் கணக்கு வைத்தார்கள். யாராவது வந்து கேட்ட பிறகு கல்லாவைத் துழாவி எடுத்த பணம் இல்லை அது. உங்கள் கணவர் சொன்ன அழகப்பச் செட்டியாரையே எடுத்துக்கொள்ளுங்கள். காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வகத்துக்கு 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். 1948-ல் நேரு அடிக்கல் நாட்டினார். எதற்கு, எவ்வளவு என்று தீர்மானித்துக் கொடுத்த கொடை அது.

சரி, உங்கள் கணக்குக்கு வருவோம். நீங்கள் அனுப்பிய தாளின்படி சரக்கு, எண்ணெய், கேஸ், பேக்கிங் 2,25,000. எட்டுப் பேருக்கு நாளுக்கு 500 வீதம் 26 நாள் சம்பளம் 1,04,000. கரண்ட், வண்டி, கமிஷன் 28,000. மிச்சம் 63,000 என்று எழுதி அடிக்கோடு போட்டிருக்கிறீர்கள். அதில் உங்கள் உழைப்புக்கு ஒரு ரூபாய்கூட இல்லை! விடியற்காலையில் மாவு பிசைய எழுந்திருப்பவருக்குச் சம்பளம் வேண்டாமா? குறைந்தது 20,000 எழுதுங்கள். வங்கித் தவணை 13,000 போனால் உண்மையான மிச்சம் 30,000. அதிலிருந்துதான் 18,000 போயிருக்கிறது.

இனி விற்பனையில் நூற்றுக்கு ஒரு ரூபாய் மகமை என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதம் 4,200 ஆகிறது. பள்ளிக் கட்டணமும் கோயிலும் இதற்குள் அடங்கட்டும். தீபாவளி மாதத்தில் விற்பனை கூடினால் இதுவும் தானாகக் கூடும். இதற்கென்று தனி வங்கிக் கணக்கு தொடங்கிவிடுங்கள்.

கைமாற்று வேறு விஷயம். கொடுக்கும்போதே அது கடனா, தானமா என்று சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் விட்டால் என்ன நடக்கிறது தெரியுமா? வாங்கியவர் முறுக்குச் சுற்றும்போது உங்கள் முகத்தைப் பார்க்காமல் குனிந்தே இருப்பார். "ஆச்சி கேட்டுவிடுவாங்களோ" என்ற கூச்சம். கொஞ்ச நாளில் வேலைக்கு வருவதையே நிறுத்திவிடுவார். நீங்கள் யாருக்காகத் தொழில் தொடங்கினீர்களோ அவரையே இழப்பீர்கள். அதனால் பழைய பாக்கியை ஒருமுறை பிரித்துவிடுங்கள். திரும்ப வராது என்று தெரிந்ததை மனதாரத் தள்ளிவிட்டு, அதை அவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். இனிமேல் மாதம் 5,000 வீதம் ஐந்து மாதத்தில் 25,000 சேர்த்து ஒரு கைமாற்று நிதி. ஒருவருக்கு 5,000 வரைதான், வட்டி இல்லை, வாரம் 250 வீதம் பிடித்தம். ஒருவர் கட்டுவது அடுத்தவருக்குப் போகும் என்று எட்டுப் பேருக்கும் தெரிந்திருக்கட்டும்.

30,000-ல் இந்த இரண்டும் போக 20,800 நிற்கும். மூன்று மாதத்தில் எண்ணெய்க் கடைப் பாக்கி தீரும்.

பெரிய செலவில்லாமல் செய்யக்கூடிய ஒன்றும் இருக்கிறது. பிரதம மந்திரி ஜீவன் ஜோதி பீமா என்ற ஆயுள் காப்பீட்டுக்கு வருடம் 436 ரூபாய், சுரக்ஷா பீமா என்ற விபத்துக் காப்பீட்டுக்கு 20 ரூபாய். ஜீவன் ஜோதியில் உயிரிழப்புக்கு 2 லட்சம், சுரக்ஷாவில் விபத்து மரணத்துக்கு 2 லட்சம். ஜீவன் ஜோதியில் 50 வயது வரை சேரலாம், சுரக்ஷாவில் 70 வரை. உங்களிடம் ஐந்து பேர் ஐம்பதுக்குள், மூன்று பேர் அதற்கு மேல். மொத்தம் 2,340 ரூபாய், அதுவும் வருடத்துக்கு. தனியாகப் பிள்ளை வளர்க்கும் ஒரு தாய்க்கு இதைவிட அவசியமான உதவி எனக்குத் தெரியவில்லை. அவரவர் வங்கிக் கணக்கிலிருந்துதான் பிடிப்பார்கள்; பணத்தை நீங்கள் போட்டுவிடுங்கள். வாரிசுதாரர் பெயரைப் பக்கத்தில் உட்கார்ந்து சரிபாருங்கள்.

இன்னும் இரண்டு பேர் சேர்ந்தால் பத்து. அப்போது இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் அரசுக் காப்பீடு கட்டாயம். உங்கள் பங்கு சம்பளத்தில் 3.25 சதவீதம், அதாவது ஒருவருடைய மாதச் சம்பளம் 13,000-க்குச் சுமார் 423 ரூபாய். அவர்கள் பங்கு 0.75 சதவீதம். இதைப் பாரமாக நினைத்து ஒன்பதோடு நிறுத்திவிடாதீர்கள். குடும்பத்துக்கே வைத்தியம் கிடைக்கும். பிள்ளைக்குக் காய்ச்சல் என்று உங்களிடம் கைமாற்று கேட்க வருவதில் பாதி குறையும்.

வருமான வரி பற்றி ஒரு வார்த்தை: புதிய வரி முறையில் நன்கொடைக்கான வரிக் கழிவு கிடையாது. பழைய முறையில் இருந்தால், 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்ததற்குக் கழிவு வராது.

ஆவணி பிறந்ததும் அந்த மாதக் கணக்குத் தாளை அனுப்புங்கள். தீபாவளிக்கு எத்தனை டின் எண்ணெய் ரொக்கத்துக்கு எடுக்கலாம், புதிதாக வரும் இருவருக்கு எந்த வாரத்திலிருந்து வேலை கொடுக்கலாம் என்று பார்த்துச் சொல்கிறேன்.