கடைசிப் பாட்டில் மட்டும் சீறல் ஏன்?

கேள்வி: டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 டர்ன்டேபிளில் (இசைத்தட்டு ஓட்டும் கருவி) புது கார்ட்ரிட்ஜ் (ஊசி பொருத்திய பாகம்) மாட்டினேன். முதல் பாட்டுகள் தெளிவாக இருக்கின்றன. தட்டின் உள்பக்கம் போகப் போக 'ஸ', 'ச' வரும் இடமெல்லாம் சீறுகிறது. ஊசியில் கோளாறா?

பதில்: ஊசியைச் சந்தேகிக்கும் முன் அது உட்கார்ந்திருக்கும் இடத்தைப் பாருங்கள். 12 அங்குலத் தட்டின் வெளி ஓரத்தில் நொடிக்கு அரை மீட்டர் பள்ளம் ஊசியைக் கடக்கிறது. கடைசிப் பாட்டில் அதில் பாதிகூட இல்லை. அதே ஒலி அங்கே நெருக்கி எழுதப்பட்டிருப்பதால், ஊசி பள்ளத்தின் திசையிலிருந்து சற்றே விலகும் சிறிய கோணப் பிழையும் காதில் விழுந்துவிடும்.

டோன் ஆர்ம் (கார்ட்ரிட்ஜைத் தாங்கும் நீண்ட கை) ஓரிடத்தில் நிலைத்துச் சுழல்வதால் பிழை முழுவதும் போகாது. தட்டில் இரண்டே இடங்களில்தான் அது பூச்சியம். இந்த இடங்களைத் தீர்மானிக்கப் பரவலாகப் பயன்படும் பேர்வால்ட் கணக்கில் அவை மையத்திலிருந்து 66, 120.9 மி.மீ. தொலைவில் வரும். ஸ்டீவன்சன் என்ற இன்னொரு கணக்கில் உள் புள்ளி 60.3 மி.மீ., அதாவது கிட்டத்தட்ட கடைசிப் பள்ளம். உங்கள் டெக்னிக்ஸின் அமைப்பும் இந்த வகைதான். 'பேர்வால்ட் கணக்குக்கு மாற்றிவிடு' என்று பலர் சொல்வார்கள். உங்கள் குறை உள்பக்கத்தில் என்பதால் நான் கம்பெனி அளவையே சொல்வேன்: ஹெட்ஷெல்லின் (கார்ட்ரிட்ஜ் மாட்டும் முனைத் துண்டு) பின்முனையிலுள்ள ரப்பர் வளையத்திலிருந்து ஊசி முனை வரை 52 மி.மீ.

திருகைத் தளர்த்தி, இந்த அளவுக்கு கார்ட்ரிட்ஜை நகர்த்துங்கள். அப்புறம் முன்பக்கமிருந்து பாருங்கள். பலர் கார்ட்ரிட்ஜ் உடலை ஹெட்ஷெல்லோடு நேராக்கிவிட்டு நிறுத்திவிடுகிறார்கள். பள்ளத்தைப் படிப்பது உடல் இல்லை, ஊசியைத் தாங்கும் கான்டிலீவர். உடல் நேராக இருந்தும் அது லேசாகச் சாய்ந்து வரலாம். பூதக்கண்ணாடியில் பார்த்து, கார்ட்ரிட்ஜைத் திருப்பி, கான்டிலீவர் ஹெட்ஷெல்லோடு நேராக வரும்படி செய்யுங்கள். அதற்காக உடல் சற்றுத் திரும்பினாலும் பரவாயில்லை. திருகை இறுக்கும்போது கார்ட்ரிட்ஜ் நகரும், மறுபடி அளந்துவிடுங்கள்.

கார்ட்ரிட்ஜ் நகர்ந்தால் ஊசி மேல் விழும் எடையும் மாறும். ஆர்மைப் புதிதாகச் சமன் செய்து, தயாரிப்பாளர் சொன்ன ஊசி அழுத்தத்தை வையுங்கள். ஆர்ட்டோஃபோன் 2எம் ரெட் என்றால் 1.8 கிராம். தட்டுக்கு நல்லது என்று குறைத்து வைக்க வேண்டாம். ஊசி பள்ளத்துக்குள் தத்தி, சீறலும் தேய்மானமும் கூடும்.

இதற்குப் பிறகும் சீறினால், அதிகம் ஓடாத வேறொரு தட்டைப் போட்டுப் பாருங்கள். அது சுத்தமாக ஒலித்தால், முதல் தட்டின் பள்ளம் ஏற்கெனவே தேய்ந்திருக்கலாம். அதை எந்த அளவும் சரிசெய்யாது.