பிரசவத்துக்குச் சேரும்போது மறுபடியும் ஏன் வைரஸ் சோதனை?

மூன்றாவது மாதத்திலேயே ஹெபடைடிஸ் பி (ஈரலைத் தாக்கும் வைரஸ்) சோதனை எடுத்தாச்சு, பிரசவ வார்டில் சேர்த்ததும் திரும்பவும் ரத்தம் எடுக்கிறார்களே, காசு பிடுங்கவா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லைங்க. அந்தச் சோதனைக்குப் பிறகும் தொற்று வந்திருக்கலாம். பலர் பழைய ரிப்போர்ட்டைக் கொண்டுவருவதும் இல்லை.

இதில் அவசரம் குழந்தைக்காகத்தான். இந்த வைரஸ் தாயிடமிருந்து குழந்தைக்குப் பெரும்பாலும் பிரசவ நேரத்தில்தான் போகிறது. பெரியவர்களுக்கு வந்தால் பெரும்பாலானோருக்குத் தானாகவே சரியாகிவிடும். பிறக்கும்போதே தொற்றினால் 10 குழந்தைகளில் சுமார் 9 பேருக்கு அது ஆயுளுக்கும் தங்கிவிடும். பின்னாளில் ஈரல் சுருக்கம், ஈரல் புற்றுநோய் வரை கொண்டுபோகலாம்.

சோதனை சின்னதுதான். பட்டையில் சில சொட்டு விட்டால் அரை மணி நேரத்துக்குள் தெரியும்: ஒரு கோடு என்றால் இல்லை, இரண்டு கோடு என்றால் தொற்று இருக்கக்கூடும். இருந்தால், பிறந்த 12 மணி நேரத்துக்குள் குழந்தையின் ஒரு தொடையில் தடுப்பூசி, மறு தொடையில் இம்யூனோகுளோபுலின் (வைரஸை உடனே எதிர்க்கும் தயார் எதிர்ப்புப் புரதம்) ஊசி. தடுப்பூசி எல்லாக் குழந்தைகளுக்கும் 24 மணி நேரத்துக்குள் உண்டு. கூடவே இம்யூனோகுளோபுலின் ஊசியும் தேவையா என்பதைத்தான் இந்தச் சோதனை சொல்கிறது. அப்புறம் 6, 10, 14 வாரத் தடுப்பூசித் தவணைகளைத் தயவுசெய்து விடாதீர்கள்.

பாசிட்டிவ் என்றதும் தாய்ப்பாலை நிறுத்திவிடும் வீடுகள் உண்டு. மனசு வலிக்கிறது. ஊசி போட்ட குழந்தைக்குத் தாராளமாகப் பால் கொடுக்கலாம்.