அதே நீதிமன்றம், அதே தீர்ப்பு: வாசகர் கேள்விகள்

சிவில் வழக்கில் உயர் நீதிமன்றத் தீர்ப்பு வந்து நாலைந்து மாதம் ஆகிறது. மறுஆய்வு மனு போடலாமா? (திருநெல்வேலி வாசகர்)

கெடு 30 நாள். தாமதத்தை மன்னிக்கக் கோரித் தனி மனு வேண்டும். ஏன் தாமதம் என்று உங்கள் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. நீதிபதி முதலில் கேட்கப்போவது அதைத்தான். அப்புறம், மறுஆய்வு என்பது தீர்ப்பு சொன்ன நீதிமன்றமே அதைத் திரும்பப் பார்ப்பது, மேல்முறையீடு அல்ல. வழக்கு ஆவணங்களைப் பார்த்தாலே வெளிப்படையாகத் தெரியும் பிழையாவது, எவ்வளவு முயன்றும் அப்போது கிடைக்காத ஆதாரமாவது இருக்க வேண்டும்.

கிரிமினல் அப்பீலில் தண்டனை உறுதியாகிவிட்டது. அதே நீதிபதியிடம் மறுஆய்வு கேட்கலாமா?

முடியாது. கையெழுத்தான பிறகு எழுத்துப் பிழை, கணக்குப் பிழை மட்டுமே திருத்தலாம். முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் பிரிவு 362, இப்போது அதற்குப் பதிலாக வந்த பி.என்.எஸ்.எஸ். சட்டத்தின் பிரிவு 403. உச்ச நீதிமன்றம் போங்கள்.

ஓய்வூதிய வழக்கில் போன வருடம் இரு நீதிபதிகள் அமர்வு சாதகமாகத் தீர்ப்பளித்தது. இப்போது இன்னொரு இரு நீதிபதிகள் அமர்வு நேர்மாறாகச் சொல்கிறது. எது செல்லும்? சமீபத்திய தீர்ப்பை உயர் நீதிமன்றமே மாற்றலாமா?

தப்பான தீர்ப்பு என்றால் தாராளமாக மாற்றலாம், மாற்றத்தான் வேண்டும். ஆனால் அதற்கு ஒரே வழிதான். முந்தைய தீர்ப்பில் உடன்பாடு இல்லாத அமர்வு, காரணத்தை எழுதி, தலைமை நீதிபதி வழியாக முழு அமர்வுக்கு (கூடுதல் நீதிபதிகள் கொண்ட அமர்வு) அனுப்ப வேண்டும். சம பலமுள்ள, அதாவது அதே எண்ணிக்கை நீதிபதிகள் கொண்ட அமர்வு தானாக மாற்றிச் சொல்லக் கூடாது என்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் 2004-லேயே, தாவூதி போரா வழக்கில், தெளிவாகச் சொல்லிவிட்டார்கள். அப்படியும் 'இந்த வழக்கின் சங்கதி வேறு' என்று ஒரு பத்தி எழுதிவிட்டு எதிர்த் தீர்ப்பு சொல்வது நிற்கவில்லை. இதில் அடிபடுவது யார்? ஒரே அலுவலகத்தில் ஒரே நாளில் ஓய்வு பெற்ற இரண்டு கிளார்க்குகளில் ஒருவருக்கு நிலுவைத் தொகை வருகிறது, மற்றவருக்கு ஆடிட் ஆட்சேபணை வருகிறது. எனக்கு இதைப் பொறுக்க முடியவில்லை.

இரண்டும் முரண்பட்டால் பொதுவாக முந்தையதே கட்டுப்படுத்தும். 2017-ல் பிரணய் சேத்தி வழக்கிலும் உச்ச நீதிமன்றம் இதையே சொன்னது. உங்கள் வக்கீல் இரண்டு தீர்ப்புகளையும் தாக்கல் செய்து, தேவைப்பட்டால் முழு அமர்வுக்கு அனுப்பும்படி எழுத்திலேயே கேட்கட்டும்.

எங்கள் வழக்கு முடிந்த பிறகு உச்ச நீதிமன்றம் வேறு வழக்கில் சட்டத்தை மாற்றிச் சொல்லிவிட்டது. இதை வைத்து மறுஆய்வு?

சிவில் நடைமுறைச் சட்டத்தின் ஆணை 47, விதி 1-இன் விளக்கத்தைப் படியுங்கள். பின்னால் வந்த தீர்ப்பு மறுஆய்வுக்குக் காரணமே ஆகாது. திரும்பவும் சொல்கிறேன், மறுஆய்வு மேல்முறையீடு அல்ல.

தீர்ப்பில் என் சர்வே எண் தவறாக அச்சாகியிருக்கிறது.

இதற்கு மறுஆய்வு வேண்டாம். அதே சட்டத்தின் பிரிவு 152 (எழுத்துப் பிழை திருத்தம்) போதும், கெடுவும் கிடையாது. வக்கீலை நீதிபதி முன் வாய்மொழியாக மென்ஷன் பண்ணச் சொல்லுங்கள். பத்திர நகலைக் கையோடு கொடுங்கள்.