மனச்சோர்வும் கரண்ட் வைத்தியமும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

உங்கள் தளத்தைச் சில வருடங்களாக வாசிக்கிறேன். எழுதுவது இதுதான் முதல் முறை. பெயரும் ஊரும் வேண்டாம்.

என் அம்மாவுக்கு 61 வயது. சத்துணவு மைய அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். கடந்த ஐந்து மாதமாக ஆளே மாறிவிட்டார். விடிகாலை மூன்று மணிக்கெல்லாம் எழுந்து சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிடுகிறார். பேச்சு குறைந்துபோய், இப்போது சாப்பாட்டையும் ஒதுக்குகிறார். “குடல் அழுகிப்போச்சு, உள்ள போறது எங்கயும் போகல” என்கிறார். வேலையில் இருந்தபோது முட்டைக் கணக்கில் தப்பு செய்துவிட்டாராம், போலீஸ் வருமாம். நான் அலுவலகத்தில் விசாரித்து, நிலுவை எதுவும் இல்லை என்று எழுதியே வாங்கி வந்து காட்டினேன். பார்த்துவிட்டு “உன்னையும் ஏமாத்திட்டாங்க” என்றார்.

ஸ்கேன், எண்டோஸ்கோப்பி எல்லாம் எடுத்தாயிற்று. ஒன்றுமில்லை. மனநல மருத்துவரிடம் இரண்டு மாதமாக மாத்திரை சாப்பிடுகிறார், பெரிய மாற்றமில்லை. எடை 11 கிலோ குறைந்துவிட்டது. போன வாரம் டாக்டர், அட்மிட் செய்து ஈசிடி, அதாவது தலையில் மின்சாரம் செலுத்தி வலிப்பை வரவழைக்கும் சிகிச்சை, கொடுக்கலாம் என்றார். மாமா வீட்டுக்கு வந்து சண்டை போடுகிறார். “கரண்டு வச்சா மூளை வெந்துடும், எங்கக்காவை நடைப்பிணமாக்கிடாதே” என்கிறார். தங்கை யோகா வகுப்புக்கு அனுப்பலாம் என்கிறாள். வியாழக்கிழமை டாக்டரிடம் பதில் சொல்ல வேண்டும். உங்கள் பெரியப்பா இந்தச் சிகிச்சை எடுத்துக்கொண்டதாக ஒரு கட்டுரையில் போகிற போக்கில் சொல்லியிருந்தீர்கள். அதனால் கேட்கிறேன்.

கே.

அன்புள்ள கே,

வியாழக்கிழமை என்று சொல்லியிருப்பதால் உடனே எழுதுகிறேன். நான் மருத்துவன் அல்ல, உங்கள் அம்மாவைப் பார்த்ததும் இல்லை. ஆனால் கேட்டுவிட்டீர்கள், மழுப்ப விரும்பவில்லை. டாக்டர் சொல்வது எனக்குச் சரியாகவே படுகிறது. அதே சமயம், உங்கள் மாமா பயப்படுவதற்கும் காரணம் இருக்கிறது.

முதலில் தங்கைக்கு. மனச்சோர்வில் படிகள் உண்டு. லேசான நிலையில் நடைப்பயிற்சி, யோகா, முறையான மன ஆலோசனை எல்லாம் நன்றாகவே உதவும், பல பேருக்கு மாத்திரையே வேண்டியிருக்காது. உங்கள் அம்மா இருப்பது அந்தப் படியில் இல்லை. விடியலுக்கு முன்பே விழிப்பு, பசி அடங்கிப்போவது, உடல் இளைப்பது, அசைவும் பேச்சும் மந்தமாவது, கூடவே நடக்காத குற்றத்துக்குத் தண்டனையை எதிர்பார்த்து உட்கார்ந்திருப்பது. மருத்துவர்கள் இதைக் கடும் மனச்சோர்வு என்கிறார்கள், அதிலும் பிரமை நம்பிக்கைகள் சேர்ந்த வகை. சாப்பிடவே எழுந்து வராதவரை யோகா பாயில் உட்காரவைத்தால், அது முடியவில்லை என்பதும் அவருடைய குற்றப் பட்டியலில் சேர்ந்துகொள்ளும். குணமான பிறகு தங்கையே அழைத்துப் போகட்டும்.

குடல் அழுகிவிட்டது என்று அவர் சொல்வதைப் படித்ததும் எனக்கு ழூல் கோத்தார் ஞாபகம் வந்தது. 1880இல் பாரிஸில் இந்த பிரெஞ்சு மருத்துவர் ஒரு பெண் நோயாளியைப் பற்றி விவரித்தார். தனக்கு மூளை இல்லை, வயிறு இல்லை, குடல் இல்லை, அதனால் சாப்பாடும் தேவையில்லை என்று அந்தப் பெண் சொல்லிக்கொண்டிருந்தாராம். நூற்றைம்பது வருடங்களுக்குப் பக்கத்தில் ஆகிறது. நம் ஊர் சத்துணவு அமைப்பாளர் ஒருவர் அவரைக் கேள்விப்படாமலே கிட்டத்தட்ட அதையே சொல்கிறார். குடலை இந்த நோய் எங்கும் ஒரே மாதிரி பிடிக்கிறது. ஆனால் குற்றத்தை அந்தந்த ஆளின் வாழ்க்கையிலிருந்து எடுத்துக்கொள்கிறது. கணக்கில் ஒரு முட்டை குறையாமல் பார்த்துக்கொண்டவருக்கு முட்டைக் கணக்கு.

அதனால் இனிமேல் சான்றுக் காகிதம் வாங்கி வராதீர்கள். வாதாடினால் அந்த நம்பிக்கை இன்னும் இறுகும். அதற்காக ஆமாம் போடவும் வேண்டாம். “உனக்கு ரொம்பப் பயமா இருக்குன்னு தெரியுதும்மா, நான் இருக்கேன்” என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

இப்போது மாத்திரை. மனச்சோர்வுக்கான முதல் மருந்துகள் தற்செயலாகத்தான் அகப்பட்டன. 1952 வாக்கில் நியூயார்க்கில் காசநோயாளிகளுக்கு இப்ரோனியாசிட் என்ற மருந்தைக் கொடுத்தபோது, சோர்ந்து கிடந்தவர்கள் உற்சாகமாக நடமாட ஆரம்பித்தார்கள். சில வருடங்கள் கழித்து சுவிட்சர்லாந்தில் ரோலண்ட் கூன் வேறொரு நோக்கத்தில் பரிசோதித்த இமிப்ரமின், மனச்சோர்வில் வேலை செய்வதைக் கண்டுபிடித்தார். இன்றைக்கு வரும் மாத்திரைகள் அவற்றைவிடப் பாதுகாப்பானவை. ஆனால் வேகம் ஒன்றும் கூடிவிடவில்லை. வேலை செய்யத் தொடங்கவே இரண்டு வாரமாவது வேண்டும், பலன் தெரிய ஆறு முதல் எட்டு வாரம். முதலில் கொடுக்கும் மருந்திலேயே முழுதாகத் தேறுகிறவர்கள் சுமார் மூன்றில் ஒரு பங்குதான். மற்றவர்களுக்கு டோஸைக் கூட்டுவார்கள், மருந்தை மாற்றுவார்கள், லித்தியம் போல இன்னொன்றைச் சேர்ப்பார்கள். பிரமையும் இருந்தால் அதற்கான மருந்தும் கூடவே வேண்டும். இப்படிப் படிப்படியாகப் போவதில் தவறில்லை, நோயாளி சாப்பிட்டுக்கொண்டிருந்தால். உங்கள் அம்மாவுக்கு 11 கிலோ போய்விட்டது. இன்னொரு எட்டு வாரம் அவர் உடம்பு தாங்குமா என்று யோசித்துத்தான் டாக்டர் ஈசிடி என்றிருப்பார் என்று நினைக்கிறேன். இந்த வகை மனச்சோர்வில்தான் அது மிக நன்றாக வேலை செய்கிறது. பத்தில் ஏழெட்டுப் பேர் தேறுகிறார்கள். வயதானவர்களுக்குப் பலன் இன்னும் கூடுதல்.

மாமாவின் பயத்துக்கு வருகிறேன். 1934இல் புடாபெஸ்டில் மெடுனா என்பவர் கற்பூர ஊசி போட்டு வலிப்பு வரவழைத்து மனநோய்க்குச் சிகிச்சை செய்தார். வலிப்பு நோயும் மனச்சிதைவும் ஒரே ஆளிடம் தங்காது என்பது அவர் எண்ணம். எண்ணம் தப்பு, ஆனால் சிலருக்குக் குணமானது. 1938இல் ரோமில் செர்லெட்டியும் பினியும் கற்பூரத்துக்குப் பதில் மின்சாரத்தைப் பயன்படுத்தினார்கள். அந்தக் காலத்தில் மயக்க மருந்து கிடையாது. வலிப்பில் உடம்பு துள்ளி முதுகெலும்பு முறிந்தவர்கள் உண்டு. அடங்காத நோயாளிகளைப் பயமுறுத்தி வைக்கவும் அதைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். நம் நாட்டிலும் மயக்க மருந்தில்லாமல் கொடுப்பது வெகுகாலம் தொடர்ந்தது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம்தான் அதை வெளிப்படையாகத் தடை செய்தது. மயக்க மருந்தும் தசைத் தளர்வு மருந்தும் இல்லாமல் ஈசிடி கூடாது. அவசர சிகிச்சை என்று காரணம் சொல்லியும் கொடுக்க முடியாது. ஆகவே மாமா கேள்விப்பட்டது வெறும் சினிமாக் கதை அல்ல. பழைய கதை, அவ்வளவுதான்.

பெரியப்பாவுக்குக் கொடுத்ததை நான் பார்த்தேன். டாக்டர் தெரிந்தவர் என்பதால் கதவோரம் நிற்கவிட்டார். காலை ஏழரை மணி. வெளியே பெஞ்சில் அவரோடு நாலைந்து பேர், எல்லாரும் ராத்திரியிலிருந்து வெறும் வயிறு. கூட வந்த அட்டெண்டர்கள் மடியில் ஃபிளாஸ்கோடு உட்கார்ந்திருந்தார்கள். நர்ஸ் ஒரு அம்மாவின் தோட்டைக் கழற்றச் சொன்னார், பெரியப்பாவின் பல் செட்டை வாங்கி ஒரு டம்ளரில் போட்டார். உள்ளே கையில் ஊசி ஏறியதும் பெரியப்பா தூங்கிவிட்டார். வலது கணுக்காலுக்கு மேல் பிபி பார்க்கும் பட்டையைச் சுற்றி இறுக்கினார்கள், அதற்குப் பிறகுதான் தசையைத் தளர்த்தும் மருந்து ஏற்றினார்கள். அந்தப் பாதத்துக்கு மட்டும் அது போய்ச் சேராமல் இருக்க இந்த ஏற்பாடு, வலிப்பு வந்ததா என்று அதில்தான் பார்ப்பார்கள். வாயில் ரப்பர் கட்டை. நெற்றிப்பொட்டுகளில் ஜெல் தடவி இரண்டு பிடிகளை வைத்தார்கள். யாரோ பட்டனை அழுத்தினார்கள். நான் எதிர்பார்த்த எதுவும் நடக்கவில்லை. முகம் ஒருமுறை இறுகியது, அப்புறம் அந்த வலது கால் விரல்கள் மட்டும் துடித்தன. பயிற்சி மருத்துவர் கடிகாரத்தைப் பார்த்து விநாடிகளை எண்ணிக்கொண்டிருந்தார். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, விரல்கள் நின்றுவிட்டன. அடுத்த ஆளுக்காகக் கட்டிலைத் தள்ளிக்கொண்டு போனார்கள்.

விழித்ததும் இது எந்த ஊர் என்று கேட்டார். தலைவலி என்றார். அரைமணி நேரத்தில் தெளிந்து காபி குடித்தார். வாரத்துக்கு மூன்று முறை வீதம் போனது. இரண்டாவது வாரத்தில் ஒருநாள், மின்விசிறியை யார் பக்கம் திருப்புவது என்று பக்கத்துக் கட்டில்காரரோடு சண்டை பிடித்தார். இரண்டு மாதமாக எதற்குமே வாய் திறக்காத மனிதர். பெரியம்மா ஓடிவந்து சமாதானம் செய்துவிட்டு, வராந்தாவுக்குப் போய் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தார்.

இதற்கு ஒரு விலை உண்டு, அதை டாக்டர்கள் சில சமயம் அவசரமாகச் சொல்லிக் கடந்துவிடுகிறார்கள். ஞாபகம். சிகிச்சை நடக்கும் வாரங்களும் அதற்கு முந்தைய சில மாதங்களும் அங்கங்கே அழிந்துபோகலாம். அவற்றில் பலவும் திரும்பி வரும், சில வராது. பேரனின் காதுகுத்து ஃபோட்டோவில் தன்னையே பார்த்து “நான் போயிருந்தேனா?” என்று பெரியப்பா பிறகும் கேட்டார். புதிதாக விஷயங்களை நினைவில் வைப்பது சில வாரங்களில் அநேகமாகப் பழைய நிலைக்கு வந்துவிடும். தலையின் ஒரு பக்கம் மட்டும் மின்சாரம் கொடுத்தால் மறதி குறைவு, இரண்டு பக்கமும் கொடுத்தால் பலன் சீக்கிரம். டாக்டரிடம் இதைக் கேளுங்கள். உயிராபத்து மிக அரிது, லட்சம் முறைக்கு இரண்டு என்ற அளவு. சாதாரண ஆபரேஷனுக்கு மயக்க மருந்து கொடுப்பதில் உள்ள ஆபத்தைவிடப் பெரிதில்லை.

நடைப்பிணம் என்கிறாரே மாமா, அவருக்கு ஒரு ஆளைச் சொல்லுங்கள். அமெரிக்காவின் தாமஸ் ஈகிள்டன் 1960களில் இரண்டு முறை மருத்துவமனையில் சேர்ந்து இந்தச் சிகிச்சையை எடுத்துக்கொண்டவர். அதற்குப் பிறகுதான் செனட் தேர்தலில் ஜெயித்தார். 1972இல் துணை ஜனாதிபதி வேட்பாளராக அறிவித்தார்கள். சிகிச்சை விஷயம் வெளியே வந்ததால், அறிவித்த 18 நாளிலேயே விலக வேண்டியதாயிற்று. ஆனால் அவருடைய மாநிலத்துக்காரர்கள் அதன் பிறகும் அவருக்கு ஓட்டுப் போட்டார்கள், 1987 வரை செனட்டராக இருந்தார். அவரைத் தள்ளியது சிகிச்சையைப் பற்றிய பேச்சு. மூளைக்கு ஒன்றும் ஆகவில்லை.

கெட்டமின் மருந்து, மூளையைக் காந்தத்தால் தூண்டும் சிகிச்சை என்றெல்லாம் இணையத்தில் படித்திருப்பீர்கள். கெட்டமின் வேகமாகப் பிடிக்கும், வேகமாகக் கலைந்தும் போகும், பிரமை இருப்பவர்களுக்குப் பொதுவாகத் தவிர்ப்பார்கள். காந்தச் சிகிச்சைக்கு வாரக்கணக்கில் தினமும் போய் உட்கார வேண்டும். உங்கள் அம்மாவுக்கு இப்போது பேசவேண்டியவை இவை அல்ல என்று தோன்றுகிறது.

ஈசிடியோடு கதை முடிந்துவிடாது. அது ஏற்றிவிடுகிற இடத்தில் ஆளை நிறுத்தி வைக்க மாத்திரை வேண்டும். இல்லையென்றால் பாதிப் பேருக்குமேல் ஒரு வருடத்துக்குள் மறுபடி விழுகிறார்கள். பெரியப்பா, நல்லாத்தானே இருக்கேன் என்று தானாகவே மாத்திரையை நிறுத்தினார். அடுத்த மழைக்காலத்தில் மறுபடி சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டார், மறுபடி அதே பெஞ்ச். அதன்பின் மாத்திரை டப்பா பெரியம்மாவின் கைக்குப் போனது.

நீங்கள் எழுதாத ஒன்றையும் கேட்டாக வேண்டும். செத்துவிடலாம் என்ற எண்ணம் வருகிறதா என்று அம்மாவிடம் யாராவது கேட்டீர்களா? கேட்டால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. நேராகவே கேளுங்கள், பதிலை டாக்டரிடம் சொல்லுங்கள். மாத்திரைகளையும் வீட்டில் பூச்சிமருந்து இருந்தால் அதையும் பூட்டி வையுங்கள். தேறத் தொடங்கும் முதல் வாரங்களில் கவனம் இன்னும் கூட வேண்டும், மனசு தெளிவதற்கு முன்பே கைகாலுக்குத் தெம்பு வந்துவிடும். ராத்திரி வேளையில் திணறினால் 14416க்குக் கூப்பிடுங்கள். அரசின் டெலி மானஸ் எண், இலவசம், தமிழிலேயே பேசலாம். வியாழனுக்கு முன்பே தண்ணீரையும் மறுத்தார் என்றால் காத்திருக்காமல் அட்மிட் செய்துவிடுங்கள்.

அம்மாவிடம் சத்து ஊசி போடப் போகிறோம் என்று பொய் சொல்லி அழைத்துப் போகாதீர்கள். எல்லாரும் ஏமாற்றுகிறார்கள் என்று ஏற்கெனவே நம்புகிறவர் அவர். என்ன செய்யப்போகிறார்கள் என்று மெதுவாகச் சொல்லுங்கள், திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கும். சம்மதம் முதலில் அவருடையது. புரிந்து முடிவெடுக்கும் நிலையில் அவர் இல்லையென்றால் அவருக்குப் பதிலாக யார், எப்படிக் கையெழுத்திட வேண்டும் என்று சட்டத்தில் வழி இருக்கிறது. மருத்துவமனையில் விளக்குவார்கள்.

வியாழக்கிழமை இதுவரை சாப்பிட்ட மாத்திரைச் சீட்டுகள், தைராய்டு ரிப்போர்ட், ஈசிஜி எல்லாவற்றையும் எடுத்துப் போங்கள். இளவயதில் எப்போதாவது தூக்கமே இல்லாமல் அளவுக்கு மீறிய உற்சாகத்தோடு சில வாரங்கள் இருந்தாரா என்று பெரியவர்களிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், மருந்துத் தேர்வே அதனால் மாறலாம். தனியார் மருத்துவமனைச் செலவு கட்டுப்படியாகாது என்றால் அரசு மருத்துவக் கல்லூரியின் மனநலப் பிரிவில் விசாரியுங்கள். மாமாவையும் கூட்டிப் போங்கள். அவர் உங்களோடு போடுகிற சண்டையை டாக்டரிடம் போடட்டும், அவரே பதில் சொல்வார். எப்படியும் வார்டில் ராத்திரி மாற்றி மாற்றித் தங்க இன்னொரு ஆள் உங்களுக்கு வேண்டியிருக்கும்.