ஆறு கலர் பிரிண்டர்னு சொன்னா அதுல கிரே இருக்கான்னு கேளுங்க

கேள்வி: வணக்கம் சார், பெரம்பூர்ல இருந்து எழுதுறேன். தாத்தா காலத்து பிளாக் அண்ட் ஒயிட் போட்டோ எல்லாம் ஸ்கேன் பண்ணி வெச்சிருக்கேன், அப்புறம் காசிமேடு, பாரிஸ் கார்னர் பக்கம் நானே எடுத்ததும் நிறைய இருக்கு. வீட்ல இருக்கற நாலு கலர் இங்க் டேங்க் பிரிண்டர்ல பளபளன்னு இருக்கற க்ளாஸி பேப்பர் வெச்சு போட்டா பச்சையடிக்குது, அதையே மொட்டை மாடிக்கு எடுத்துட்டு போய் பாத்தா ரோஸா தெரியுது. ரிச்சி ஸ்ட்ரீட் எலக்ட்ரானிக்ஸ் கடைல கேட்டா "ஆறு கலர் எடுத்துக்கோங்க, சூப்பரா வரும்"ங்கறாங்க. எடுக்கலாமா? மாசத்துக்கு பத்து பதினஞ்சு ஏ4 போடுவேன்.

பதில்: எந்த ஆறு கலர்னு கேட்டீங்களா? அங்கதான் விஷயமே இருக்கு. எப்சன் எல்8050, பெரிய சைஸ் எல்18050 ரெண்டும் ஆறு கலர்தான், ஆனா கூடுதலா வர்ற ரெண்டு இங்க்கும் லைட் சயான் (வெளிர் நீலம்), லைட் மெஜந்தா (வெளிர் ரோஸ்). கல்யாண போட்டோவுக்கு, முகத்துக்கு எல்லாம் அருமையா இருக்கும், ஆனா கிரே கிடையாது. அதே எப்சன்ல எல்8160, எல்8180ல கிரே இருக்கு. கேனான்ல ஜி570, ஜி670 ஆறு கலர்ல சிவப்பும் கிரேயும் வருது. எல்லாத்தையும் கடைல "ஆறு கலர்"னு ஒரே பேர்ல சொல்லிடுவாங்க, நீங்கதான் டப்பா மேல இங்க் லிஸ்ட் படிக்கணும்.

உங்க பிரிண்ட் ஏன் பச்சையடிக்குதுன்னா, வீட்டு டேங்க் பிரிண்டர் பலதுல கருப்பு மட்டும் பிக்மென்ட் இங்க் (கரையாத நிறத்துகள் மிதக்கற இங்க்), அது சாதா பேப்பருக்கானது, க்ளாஸில ஒட்டாம மேலயே நிக்கும், தொட்டா கையில வரும். அதனால க்ளாஸின்னு செலக்ட் பண்ணினதும் பிரிண்டர் கருப்ப ஒதுக்கி வெச்சுட்டு சயான், மெஜந்தா, மஞ்சள் மூணையும் கலந்து சாம்பல் கலர் பண்ண பாக்கும். மூணும் துல்லியமா சரியான அளவுல விழுந்தாதான் நியூட்ரலா தெரியும், கொஞ்சம் பிசகினா ஒரு பக்கம் சாஞ்சிடும். வேற வேற வெளிச்சத்துல அந்த கலவை வேற வேற மாதிரி தெரியறதாலதான் வீட்டுக்குள்ள பச்சை, மாடில ரோஸ். சரி கருப்பு இங்க் மட்டும் வெச்சு போடலாமேன்னா, அடர்த்தியான இடம் ஓகே, ஆனா வானம், வெள்ளை வேட்டி, கன்னம் மாதிரி வெளிர் இடத்துல எல்லாம் தயிர் சாதத்துல மிளகு தூவின கணக்கா புள்ளி புள்ளியா நிக்கும். கிரே இங்க் அந்த இடத்துக்குத்தான். புள்ளியே வெளிறி இருக்கறதால கண்ணுக்கு தெரியாது, கலர் இங்க்கும் கொஞ்சமா போதும், சாயல் அடங்கிடும். சுத்தமா போகும்னு சொல்ல மாட்டேன், இந்த டேங்க் மாடல்ல எல்லாம் கிரே ஒண்ணே ஒண்ணுதான். எப்சன் எஸ்சி-பி700, பி900ல கிரே, லைட் கிரேன்னு ரெண்டு இருக்கு, பிளாக் அண்ட் ஒயிட்டுக்குன்னே தனி மோடும் இருக்கு, அதெல்லாம் வேற லெவல், விலையும் வேற லெவல்.

பத்து பதினஞ்சு பிரிண்ட்டுக்கு என்னைக் கேட்டா, முதல்ல இருக்கற பிரிண்டர்லயே மேட் பேப்பர் (பளபளப்பு இல்லாதது) போட்டு, கம்ப்யூட்டர்ல பிரிண்டர் டிரைவர் செட்டிங்ல பேப்பர் டைப்ப மேட்னும் கிரேஸ்கேல்னும் வெச்சு ஒரு தடவ பாருங்க, சில மாடல்ல இதுலயே பாதி பிரச்சனை தீர்ந்துடும். தீரலன்னா கிரே இருக்கற டேங்க் மாடல். அதுவும் பென்டிரைவ்ல உங்க படம் ஒண்ணு, வெள்ளைல இருந்து கருப்பு வரைக்கும் படிப்படியா போற கட்டம் ஒண்ணு போட்டு எடுத்துட்டு போய் டெமோ பிரிண்ட் கேளுங்க. அத கடை லைட்ல பாத்து தலையாட்டிடாதீங்க, வெளிய வெயில்ல பாருங்க, வீட்டுக்கு கொண்டுவந்து மறுநாளும் பாருங்க, இங்க் காய காய டோன் மாறும். டெமோ தர மாட்டேன்னா வேற கடை, ரிச்சி ஸ்ட்ரீட்ல கடைக்கா பஞ்சம்.

கேள்வி: அதே பெரம்பூர்தான் சார். தாத்தா படத்த பெருசா ஹால்ல மாட்டணும், அதையும் இதுலயே போட்டுக்கலாமா?

பதில்: அத வெளிய குடுத்துடுங்க. நான் சொன்ன டேங்க் மாடல்ல எல்லாம் போட்டோ பேப்பர்ல விழறது டை இங்க் (கரைஞ்ச சாய இங்க்), வெயிலும் காத்தும் பட பட வெளுக்கும், ஜன்னலுக்கு எதிர்ல மாட்டினா இன்னும் சீக்கிரம். மாலை போட்டு ஊதுபத்தி கொளுத்தி வருஷக்கணக்கா இருக்க வேண்டிய படம் இல்லையா, சீக்கிரம் வெளுக்காத பிக்மென்ட் இங்க்ல காட்டன் பேப்பர்ல போட்டுத்தர ஃபைன் ஆர்ட் பிரிண்ட் ஆளுங்க சென்னையிலயே இருக்காங்க. "பிக்மென்ட்தானே, கிரே இங்க் எத்தன, என்ன பேப்பர்"னு கேளுங்க, பதில் சொல்ல திணறினா நகர்ந்துடுங்க. சாதா லேப்ல குடுத்தா கலர் போட்டோ பேப்பர்லதான் போடுவாங்க, அங்கயும் சாயல் வரலாம். எப்படி போட்டாலும் கண்ணாடி ஃப்ரேம், கண்ணாடி படத்துல ஒட்டாம நடுவுல மவுண்ட் போர்டு (தடி அட்டை) வெக்க சொல்லுங்க, ஐப்பசி கார்த்திகை ஈரத்துல ஒட்டிக்கிட்டா பிரிக்க முடியாது.

கேள்வி: பழைய பிரிண்டர் ஒண்ணு சும்மா கிடக்கு, எல்லா டேங்க்லயும் கிரே இங்க் ஊத்திடலாம்ங்கறார் ஃப்ரெண்டு. நடக்குமா? (அடையாறு)

பதில்: நடக்கும், பல வருஷமா பண்றாங்க, அமெரிக்கால ஜான் கோன்ங்கறவரோட பியசோகிராஃபி இங்க் இதுக்குன்னே வந்தது. ஆனா ஊத்தினா மட்டும் போதாது. சயான் டேங்க்ல நீங்க கிரே ஊத்தினது பிரிண்டருக்கு தெரியாது, அது சயான்னு நெனச்சுதான் அடிக்கும், அதனால குவாட்டோன்ரிப் மாதிரி சாஃப்ட்வேர் வெச்சு ஒவ்வொரு இங்க்கையும் தனியா ஓட்டணும், உங்க மாடலுக்கு அது சப்போர்ட் பண்ணுதான்னு பாத்துட்டுதான் மத்ததெல்லாம். அந்த பிரிண்டர்ல அப்புறம் கலர் பிரிண்ட் மறந்துடணும், வாரன்டி இருந்தா அதுவும் போச்சு. இங்க் தெளிக்கற ஹெட் அடைச்சா புது பிரிண்டர் காசு கேப்பாங்க, அதனால வாரம் ஒரு நாஸில் செக் (எல்லா துளையிலயும் இங்க் வருதான்னு பாக்கற டெஸ்ட் பிரிண்ட்) போடாம விட்டுடாதீங்க. லோக்கல் பாட்டில்ல லேபிள் இல்லாம வர்ற கிரே இங்க் மட்டும் வேணாம், பேட்ச்சுக்கு பேட்ச் டோன் மாறினா முதல்ல இருந்து கட்டம் போட்டு உக்காரணும்.